பொன்னாடையை மறிக்கப்படாது

இங்கன ஆளு வருதா சார்? வரலியா? நல்லது, கொஞ்சம் நவுந்து உக்காருங்க. இந்தப் பெட்டிய மட்டும் கீழ வச்சிக்கிடுதேன். மேல வைக்க முடியாது. பஸ்ஸு குலுங்குச்சின்னா யாரு மண்டையிலயாவது விழும். உள்ள பேட்டரி கெடக்கு, நல்ல கனம். இந்தா, வச்சாச்சு. ஆடாம நின்னுட்டு பாத்தீயளா? கீழ ஏதோ மெத்துன்னு முட்டுக் குடுத்தாப்ல கெடக்கு போல. நமக்கு நல்லதாப் போச்சு.

என்ன, மொகத்தச் சுளிக்கீய? வெயிலா? ஜன்னல எறக்கி விடுங்க.

நான் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போறேன். அங்க இருந்து ரயிலு, மெட்ராஸுக்கு. முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின் சீட்டு, நீலச் சேலை, பக்கத்துல ரெண்டு கக்கத்துக் கட்டைய சாத்தி வச்சிட்டு உக்காந்திருக்காள்லா, அவதான் முப்புடாதி. அவ கூட நான் போறேன்னு அவ சொல்லிட்டுத் திரியுதா. என் கூட அவ வாறான்னு நான் சொல்லுதேன். ரெண்டுல எது சரின்னு நீங்களே சொல்லுங்க. இப்ப வேண்டாம், முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு குத்தாலிங்கம். எங்க ஊரு பஜார்ல 'குத்தாலிங்கம் சவுண்ட் சர்வீஸ், பாத்திர வாடகை'ன்னு போர்டு இருக்கும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம மைக்குதான். மைக்கு மட்டும் இல்ல, மைக்குல பேசுறதும் நாந்தான். வரவேற்புரைன்னா குத்தாலிங்கம்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. ஒரு தடவ ஒரு எழவு வீட்டுக்கு மைக்கு கெட்டப் போனவன், பழக்கதோசத்துல 'வருக வருக'ன்னு ஆரம்பிச்சிட்டேன். அதச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கானுவ. ஆனா எழவுக்கு வந்தவங்க அத்தன பேருக்கும் அன்னைக்கு உக்கார எடம் கெடச்சுது, அத எவனும் சொல்ல மாட்டான்.

எங்க ஊர்ல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சங்கம் இருக்கு. நான் அதுக்குப் புரவலர். எனக்கு ஊனம்னு ஒண்ணும் கெடையாது, முட்டுவலி உண்டு. ஆனா அவங்களுக்குன்னு பேச ஒரு ஆளு வேணும்லா? நானே போயி, 'இனிமே உங்களுக்கு நான் பேசுதேன்'னேன். யாரும் வேண்டாம்னு சொல்லல. சொல்றதுக்கு அண்ணாச்சி விடலன்னு முப்புடாதி சொல்லுவா. அவ அப்படித்தான், எல்லாத்துக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பா.

விசயம் என்னன்னா, இவங்களுக்கு மாசாமாசம் அரசாங்கத்துல இருந்து உதவித்தொகை வருதுல்லா, அதுக்கு வருசத்துல ஒரு தடவ ஆபீஸுக்குப் போய் நேர்ல நிக்கணும். ஆளு உசுரோட இருக்கான்னு பாப்பாவ. சரி, அது நியாயம். கூடவே ஊனம் இன்னும் இருக்கான்னும் பாப்பாவ. போன வருசம் இருந்த போலியோ இந்த வருசமும் இருக்கான்னு. அந்த ஆபீஸு எங்க இருக்குங்கீய? மாடியில. லிஃப்ட்டு கெடையாது. வராதவங்களுக்குத் தொகை நின்னு போயிரும்.

முப்புடாதிக்கு ரெண்டு காலும் சின்னப் பிள்ளையிலயே போயிட்டு. தரையில கட்டைய ஊணி வெரசா நடந்துருவா. மாடிப்படி செங்குத்தா இருக்கும், கட்டை ஊண முடியாது. படியில உக்காந்து, கைய ஊணி, பின்பக்கமாவே ஒவ்வொரு படியா ஏறணும். போன மழைக்கு அப்படி ஏறையில கை வழுக்கி மணிக்கட்டு பிசகிட்டு. அவளுக்குத் தையல்தான் தொழில், கை மிஷினு. வலது கையால சக்கரத்தச் சுத்தணும். கரெக்டா தீபாவளி நேரம் சார். எங்க தெருவுல பாதிப் பொம்பளைங்க பழைய ஜாக்கெட்டோட தீபாவளி கொண்டாடுனாவ. முப்புடாதி வீட்ல தீபாவளியே இல்ல. அவளும் அவ அம்மையும் கோயில் சோத்தத் தின்னுட்டுக் கெடந்தாவ.

என்ன சார், ஏதோ சொல்ல வாறீயளா? இருங்க இருங்க, இனிமேதான் விசயமே இருக்கு.

இப்ப அரசாங்கம் இந்த விதியெல்லாம் மாத்தப் போவுதுன்னு ஒரு குழு போட்டிருக்காவ. ஊர் ஊரா ஒரு அதிகாரி போயி, கூட்டம் போட்டு, சம்பந்தப்பட்ட ஆளுககிட்டயே கேட்டுட்டு வரணும்னு. அதுல ஒரு யோசனை என்ன தெரியுமா? வருசத்துக்கு ஒரு தடவ பத்தாது, ரெண்டு தடவ வரச் சொல்லலாமாம். இதக் கேட்ட அன்னைக்கே முப்புடாதி என் கடைக்கு வந்துட்டா. 'அண்ணாச்சி, பிசகுறதுக்கு இன்னும் ஒரு மணிக்கட்டுதான் எனக்குப் பாக்கி இருக்கு. அந்த அதிகாரிகிட்ட நான் பேசணும்'னா.

நான், 'கவலைய விடு, நான் பேசுதேன்'னேன்.

'இல்ல அண்ணாச்சி, நான் பேசணும்'னா.

'அதத்தான நானும் சொல்லுதேன். நீ பேச வேண்டியத நான் பேசுதேன்'னேன்.

எவ்வளவு தெளிவாச் சொல்லிருக்கேன் பாருங்க. அவளுக்கு வெளங்கவே இல்ல. கட்டைய எடுத்துட்டுப் போயிட்டா.

கூட்டத்துக்கு ஏற்பாடு பூரா நாந்தான். கல்யாண மண்டபத்த வாடகை இல்லாமப் பிடிச்சேன். மேடைக்கு நம்ம கடை சிவப்பு சோபா. வாசல்ல பெரிய பிளக்ஸு. நான் கைகூப்பிட்டு நிக்கிற மாதிரி போட்டோ, மேல கொட்டை எழுத்துல 'குரலற்றவர்களின் குரலே!'ன்னு. முப்புடாதி வந்து அதப் பாத்தா. 'அண்ணாச்சி, போலியோ எனக்குக் கால்லதான். தொண்டையில இல்ல'ன்னா. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அவ கூட சுடலைமணியும் வந்திருந்தாரு. அவருக்குக் கண்ணு தெரியாது. பஸ் ஸ்டாண்டுல கடலைமிட்டாய் விக்காரு. அவரு கூவுனாருன்னா கெளம்பிப் போன பஸ்ஸும் நிக்கும், அப்படியொரு தொண்டை. 'பிளக்ஸுல என்ன போட்டிருக்கு?'ன்னு கேட்டாரு. பாவம்லா, நானே வாசிச்சுக் காட்டுனேன். என் பேரு இருக்கிற வரிய மட்டும். மத்ததெல்லாம் பொடி எழுத்து. 'எங்க பேரெல்லாம் எங்க இருக்கு?'ன்னாரு. 'மற்றும் பலர்னு கீழ போட்டிருக்குல்லா, அதுல இருக்கு'ன்னேன். 'அதுல நான் எத்தனாவது ஆளு?'ன்னு கேக்காரு சார் அந்த மனுசன்.

கோரிக்கைய எழுதுனதும் நாந்தான். முப்புடாதிகிட்ட உன் குறையச் சொல்லுன்னேன். 'படி ஏற முடியல'ன்னா. அவ்வளவுதான். இத வச்சிக்கிட்டு ஒரு பேச்சாளன் மேடையில என்னத்தச் செய்ய? அதனால நான் வானத்துல இருந்து ஆரம்பிச்சேன். வானம், நிலா, கடலு, அப்பறம் மூவேந்தர், அப்பறம் தாய்மை. படி கடைசில வரும். வாறதுக்கு முன்னால கைதட்டு விழுற எடம் நெறைய வச்சிருந்தேன்.

சார், நீங்க பெட்டியப் பாக்காதிய, அது பத்திரமா இருக்கு. நம்ம பெட்டி அது பாட்டுக்கு நிக்கும். இங்க கேளுங்க.

கூட்டத்தன்னைக்கு அதிகாரி வந்தாரு. தங்கமான மனுசன், மெலிஞ்ச ஆளு. மத்தியானம் ரயிலுக்குப் போவணும்னு வந்ததும் சொல்லிட்டாரு. அவரையும் ஊர்ப் பெரிய மனுசங்களையும் மேடையில உக்கார வச்சேன். சங்கத்து ஆளுக பூரா கீழ. மேடைக்கு அஞ்சு படி, அதுல அவங்களால ஏற முடியாதுல்லா? அதனால கீழேயே நல்ல காத்தோட்டமா எடம் போட்டுக் குடுத்தேன். குத்துவிளக்கு ஏத்துனோம். என் வரவேற்புரை. கொஞ்சம் நீண்டுட்டு, கொஞ்சம்தான். அப்பறம் பெரிய மனுசங்க ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை. அப்பறம் அவங்க ஒவ்வொருத்தரும் வாழ்த்துரை. நடுவுல கீழ இருந்து முப்புடாதி கையத் தூக்குனா. பேச விட்டா நிகழ்ச்சி நிரல் கெட்டுப் போவும்லா? நான் உடனே மைக்குல, 'அன்புச் சகோதரி கையசைத்து வாழ்த்துத் தெரிவிக்கிறார்'னு சொல்லி சமாளிச்சேன். அவ ரெண்டு கையையும் தூக்குனா. 'இரு கரம் உயர்த்தி வாழ்த்துகிறார்'னேன். மேடையில இருந்தவங்க எல்லாம் கைதட்டுனாவ.

அதிகாரி கைக்கடிகாரத்தப் பாத்தாரு. சரி, நேரமாயிட்டுன்னு, நான் கோரிக்கைய ஆரம்பிச்சேன். வானம் முடிஞ்சு நிலாவுக்கு வாறேன், கீழ இருந்து சுடலைமணி ஒரு சத்தம்.

'அய்யாவுக்குப் பொன்னாடை!'

இங்கனதான் சார் நான் மாட்டுனேன். உங்களுக்கே தெரியும்லா, கூட்டத்துல எவன் எந்திரிச்சுக் கேள்வி கேட்டாலும் உக்காருன்னு சொல்லலாம். ஆனா பொன்னாடையோட வாறவன மறிக்கப்படாது. பேச்சாளரு எவ்வளவு ஆவேசமாப் பேசிட்டு இருந்தாலும் சரி, ஒருத்தன் துண்டோட மேடையேறிட்டான்னா, பேச்ச நிப்பாட்டிக் கழுத்த நீட்டணும். போட்டோ எடுத்து முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒட்டி நிக்கணும். மறிச்சா மரியாதக் கொறச்சல். எத்தனையோ கூட்டத்துல இத மைக்குல சொல்லிச் சொல்லி நெலைநாட்டுனவனே நாந்தான். நான் எப்படி மறிக்க? 'சுடலைமணி அவர்கள் இப்போது பொன்னாடை அணிவிப்பார்'னு என் வாயாலயே சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஒருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. சுடலைமணி பதமாப் போர்த்துனாரு. போட்டோக்காரன் பிளாஷு வேல செய்யலன்னு தட்டிட்டு இருந்தான். அந்த எடைவெளியில சுடலைமணி அதிகாரி தோளுல கையப் போட்டுட்டு, 'அய்யா, போன வருசம் ஆபீஸ்ல என்னையக் கண்ணு இன்னும் தெரியலியான்னு கேட்டாவ. ஆமான்னேன். அப்ப இந்தக் கோட்டுல கையெழுத்துப் போடுன்னாவ. எந்தக் கோட்டுலன்னு கேட்டேன். இதுகூடவா தெரியலன்னு ஏசுனாவ'ன்னாரு. அவருக்குத்தான் மைக்கே வேண்டாமே, மண்டபம் பூரா கேட்டுட்டு. அதிகாரி சிரிச்சாரு. கூட்டம் பூரா சிரிச்சுது. என் வரவேற்புரைக்கு ஒருத்தன் சிரிக்கல சார், அதுல நாலு சிரிப்பு வச்சிருந்தேன்.

அவரு எறங்கல, அதுக்குள்ள அடுத்த ஆளு, 'அய்யாவுக்குப் பொன்னாடை!' மில்லுல ஒரு கை போனவரு. ஒத்தக் கையால போர்த்த நேரம் ஆவும்லா? ஆற அமரப் போர்த்துனாரு. போர்த்தி முடியுற வரைக்கும் பேசிட்டே இருந்தாரு. அவருக்குப் பின்னால படியில ஒரு வரிசையே நிக்கி. அப்பறம்தான் கவனிச்சேன், ஒண்ணும் பொன்னாடையே இல்ல. ஒண்ணு பாவாடைத் துணி. ஒண்ணு ஜாக்கெட்டு லைனிங்கு. ஒண்ணு ஜன்னல் திரைச்சீலை, வளையத்தோட. எல்லாம் முப்புடாதி தைக்க வச்சிருந்த துணி, நறுவிசா ஓரம் அடிச்சு மடிச்சுக் கொண்டு வந்திருக்காவ. திட்டம் போட்டு வந்திருக்காவ சார்! என் மண்டபம், என் சோபா, என் மைக்கு, எனக்குத் தெரியாம ஒரு திட்டம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆனா என்ன செய்ய? பல்லக் கடிச்சிட்டு ஒவ்வொருத்தரையா 'அடுத்து பொன்னாடை அணிவிப்பவர்'னு கூப்பிட்டேன்.

அதிகாரிக்கு மூக்கு வரைக்கும் துணி ஏறிட்டு. திரும்பும்போதெல்லாம் திரைச்சீலை வளையம் கிலுங்குது. ஆனா ஒரு தடவ கூட மொகங் கோணல. ஒவ்வொருத்தர் சொன்னதையும் காதுல வாங்கிட்டே இருந்தாரு.

கடைசியா முப்புடாதி. மேடைப் படிக்கிட்ட வந்து நின்னுட்டா. கையில ஒரு மஞ்சத் துணி. நான் ஓடிப் போயி, 'நீ ஏற வேண்டாம், குடு, உன் சார்பா நான் போட்டுருதேன்'னேன்.

'பொன்னாடைய சார்பாப் போட முடியுமா அண்ணாச்சி? தாலிய சார்பாக் கெட்டுவாங்களா?'ன்னா.

மண்டபம் அதிருது சிரிப்புல. அந்த அதிகாரி என்ன செஞ்சாரு தெரியுமா? அத்தன துணியோட, வளையம் கிலுங்க, அஞ்சு படியும் எறங்கிக் கீழ வந்துட்டாரு. அவ முன்னால ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்து கழுத்த நீட்டுனாரு. அவ போர்த்துனா. போர்த்திட்டு ரெண்டு முனையையும் கையில பிடிச்சிக்கிட்டா, விடல.

'அய்யா, நீங்க இப்ப எதுக்குக் கீழ வந்தீய?'ன்னு கேட்டா.

அவரு, 'உங்களால ஏற முடியாதுல்ல, அதான்'னாரு.

'அவ்வளவுதான்யா. இதத்தான் விதியில எழுதணும். ஏற முடியாதவங்க கிட்ட எறங்கி வரணும்னு. நான் உசுரோட இருக்கேனான்னு பாக்கணும்னா என் வீட்டுக்கு வாங்க, காப்பி போட்டுத் தாறேன். ரெண்டு தடவ வேணும்னாலும் வாங்க, ரெண்டு காப்பி தாறேன். என்னைய மட்டும் அந்தப் படியில ஏத்தாதிய. இந்தக் கை போச்சுன்னா என் வீட்ல அடுப்பு எரியாது'ன்னா.

எனக்கு அவ மேல அவ்வளவு கோவம் இருந்துச்சு சார், ஆனா அவ சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மனசுக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. நான் எழுதி வச்சிருந்ததுல தேடிப் பாத்தேன், அது எங்கயும் இல்ல. மூவேந்தர் இருக்காவ, அது இல்ல.

பொறகு அந்த மனுசன் மேடைக்கே வரல. கீழேயே உக்காந்துட்டாரு. அவரச் சுத்தி எல்லாரும். மேடையில இருந்த பெரிய மனுசங்களும் என்ன பேசுதாவன்னு பாக்க ஒவ்வொருத்தரா எறங்கிட்டாவ. என் மைக்கு வயரு அவ்வளவு தூரம் எட்டல. நான் ஒத்தையில மேல நின்னுட்டு 'அமைதி, அமைதி'ன்னேன். அவங்க அமைதியாத்தான் இருந்தாவ, என் சத்தம்தான் கேட்டுட்டு இருந்துச்சு. சரி, நிரல்ல இருக்கேன்னு நன்றியுரைய முழுசாப் படிச்சேன். சோபாவுக்கு நன்றி சொன்ன மொத ஆளு நாந்தான். அதிகாரி ரயில விட்டுட்டாரு.

போவும்போது அவரு முப்புடாதிகிட்ட, 'நீங்க சொன்னத நான் போயிச் சொன்னா இப்படி வராது. முடிவு எடுக்கிற கூட்டம் மெட்ராஸ்ல இருக்கு, நீங்களே வந்து சொல்லுங்க'ன்னாரு. அந்தக் கூட்டம் நாளைக்கு. அந்த ரெண்டு தடவ யோசனை இருக்கா போவுதான்னு நாளைக்குத்தான் தெரியும். நியாயமாப் பாத்தா இதுக்கெல்லாம் காரணம் யாரு? பொன்னாடைய மறிக்கப்படாதுன்னு ஊருக்குள்ள பழக்குனது யாரு? நாந்தான்லா? அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.

கூடத் துணைக்கு ஒரு ஆளு வரலாம்னு சொல்லிருந்தாவ. முப்புடாதி என்னையத்தான் கூப்பிட்டா. எனக்கு ஒரே பெருமை. ஏன் என்னையன்னு கேட்டேன். 'உங்கள ஊர்ல விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வாறதுக்குள்ள எங்க குரலாப் பேசி எவன்கிட்டயாவது எதையாவது ஒத்துக்கிட்டு வந்துருவீய. கூட இருந்தா கண்ணு முன்னால கெடப்பீய'ன்னா. கூட ஒரு நிபந்தனை. அங்க நான் ஒரு வார்த்தை பேசப்படாது. வணக்கம்கூட வேண்டாம், கும்பிட்டாப் போதும்ட்டா. கழுத்துல மாட்ட அட்டை வந்திருக்கு, 'துணைக்கு வந்தவர்'னு போட்டிருக்கு. பேரு கூட இல்ல. நானும் மற்றும் பலர்ல சேந்துட்டேன்னு சுடலைமணி சொல்லிட்டுத் திரியுதாரு.

சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் சார். நாளைக்குப் பூரா பேசாம இருக்கணும். அதான் உள்ள இருக்கிறத எல்லாம் உங்ககிட்ட பேசித் தீத்துக்கிட்டு வாறேன். நீங்களும் நல்லாக் கேக்கீய. இப்படி அசையாம உக்காந்து என் பேச்சக் கேட்ட ஆளு இதுவரைக்கும் கெடையாது.

இந்தப் பெட்டியில என்ன இருக்குங்கீய? வயரில்லா மைக்கு, புதுசு. அதுக்கான ஸ்பீக்கரும் பேட்டரியும் சேந்ததுதான் இவ்வளவு கனம். அங்க மேடை எப்படி இருக்குமோ, படி எத்தன இருக்குமோ. இது இருந்தா அவ கையில குடுத்துட்டு நான் நவுந்துக்கிடலாம். அவ எங்க உக்காந்தாலும் அங்க இருந்தே பேசலாம், எட்டலன்னு ஒரு பேச்சே இல்ல. அவ கேக்கல. நானாத்தான் வாங்குனேன். ஏன் வாங்குனேன்னு கேட்டா எனக்கே சரியாச் சொல்லத் தெரியல.

மானூரு வந்துட்டு போல. நீங்க எறங்கணுமா? எறங்குங்க, எறங்குங்க. ஏன் சார் எந்திரிச்சிட்டுத் திரும்ப உக்காருதீய? தல சுத்துதா?

இந்தா, முன்னால இருந்து முப்புடாதி கத்துதா. என்ன முப்புடாதி? எதா இருந்தாலும் சத்தமாச் சொல்லு!

'அண்ணாச்சி, நானும் ஏறுனதுல இருந்து பாக்கேன், அந்த சாரு என்னமோ சொல்ல வாறாரு. ஒரு நிமிசம் வாய மூடிட்டு அவரு சொல்றதக் கேளுங்க!'ங்கா.

சரி, மூடிட்டேன். சொல்லுங்க சார்.

என்னது? காலா? எந்தக் காலு? பெட்டிக்குக் கீழயா?

அய்யய்யோ! அந்த மெத்துன்னு கெடந்தது உங்க பாதமா? இருங்க, தூக்குதேன், தூக்குதேன். கண்டக்டரே, விசில் குடுத்துராதிய, ஒரு காலு பாக்கி இருக்கு! ஏறுனதுல இருந்தா சார் இப்படி? இம்புட்டு நேரம் பொறுத்துட்டா இருந்தீய? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா சார்? நான் என்ன, உங்கள மறிக்கவா செஞ்சேன்?